யார் பெயரில் போடுவது

கட்டிலில் முறுக்குத் தட்டோடு அம்மா, எதிரே நாற்காலியில் என் மனைவி ஜெபா, தரையில் லேப்டாப்போடு நான். வெளிநாட்டு வேலை விசாவுக்கு எங்கள் இருவரில் யார் பெயரில் விண்ணப்பிப்பது என்று அன்றைக்கே முடிவாக வேண்டும். என் பெயரில் போட்டால் மதிப்பெண் போதவில்லை. பல்செட் செய்யும் ஜெபாவின் பெயரில் போட்டால் தாராளமாகத் தேறியது.

"அப்போ எம் மவன் பொண்டாட்டி வாலப் புடிச்சிக்கிட்டா ப்ளேன் ஏறணும்?" என்று அம்மா முறுக்கை நறுக்கென்று கடித்தாள்.

"வாலு எனக்கில்ல அத்த, உங்க மவனுக்குத்தான்" என்றாள் ஜெபா.

"ஏம்மா, இப்பக் கடிச்சியே, அது யாரு செஞ்ச பல்லு?" என்றேன் நான்.

அம்மா மெல்லுவதை நிறுத்தினாள். பல்செட்டைக் கழற்றி முந்தானையில் துடைத்து, கட்டிலில் பரப்பியிருந்த ஜெபாவின் சான்றிதழ்கள் மேல் வைத்தாள்.

"இதையும் சேத்து அனுப்புலே. பாக்கட்டும்!" என்று பொக்கை வாயால் சிரித்தாள்.

"பெறவு கறிய எப்படித் திம்பிய?" என்று ஜெபா அதைத் திரும்ப மாட்டிவிட்டாள்.

வரச் சொல்லியிருந்த கூரியர்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். சான்றிதழ்களை உறையில் போட்டேன். அம்மாவே வாங்கி, பசை ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினாள். மடிப்பு படியவில்லையென்று அழுத்திக் கடித்தாள். ஜெபா செய்த பல்லின் மேல்வரிசை ஓரத்தில் அப்படியே பதிந்திருக்க, உறை வண்டியேறிப் போனது.