கேரவன் கூரை ஒழுகுகிறது

“ஏணிய யாராவது தூக்கிட்டுப் போயிட்டா மேலேயே குடித்தனம் பண்ணுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் கேரவனுக்குள் போய்ப் படுத்தாள்.

படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பதுதான் அவள் வேலை. கணவர் மேலே நின்று ஹோஸால் தண்ணீர் விடுவார். உள்ளே சொட்டினால் அவள் சொல்ல வேண்டும். சொட்டாவிட்டால், சாயந்தரம் வாடகைக்கு வருகிறவர்களிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு இந்தப் பெட்டிக்குள் குடியேற வேண்டும்.

முப்பது வருஷம் நாற்காலியைத் தேய்த்த மனிதர். ஓய்வு பெற்ற அன்று மைக்கைப் பிடித்தார். “இனிமே எனக்கும் என் வீட்டம்மாவுக்கும் ரோடுதான் வீடு,” என்றார். ஆபீஸே கைதட்டியது.

அவளும் தட்டினாள். முன்வரிசையில் மாலையோடு உட்கார வைத்துவிட்டால் வேறு என்ன செய்வது?

யாரோ பத்து வருஷம் அனுபவித்துவிட்டுத் தள்ளிவிட்ட இந்தக் கேரவன் வண்டியை வாங்கி வந்தார். முதல் மழையிலேயே ஒழுகியது. ஆளை வைத்துச் சரிபண்ணலாம் என்றாள்.

“இதுக்கெல்லாமா ஆளு? ஒரு ரோலர், ஒரு டின்னு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட். முடிஞ்சுது கதை.”

கதை எங்கே முடிந்தது? பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் பூசவும் என்று டின்னிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. “அதெல்லாம் சும்மா போடுவாங்க,” என்று அதன்மேலேயே பூசினார். பாம்புச் சட்டை மாதிரி முழுசாகக் கையோடு உரிந்து வந்தது.

அடுத்த முறை ஈரம் காயாமல் பூசியதில் கூரைக்கு அம்மை போட்ட மாதிரி கொப்புளம். அதற்கும் அடுத்த முறை கூரை ஜன்னலையும் சேர்த்துப் பூசிவிட்டார். அது இன்றுவரை திறக்கவில்லை. மூக்கிலும் காதிலும் வெள்ளையோடு இறங்கி வந்து, “காத்து உள்ள போகாதுன்னா தண்ணி எப்படிப் போகும்?” என்று பெருமை வேறு.

எதிர்வீட்டுக்காரர் தினமும் கேட்டைத் திறக்கும்போதே கேட்பார். “கப்பல் எப்ப சார் கிளம்புது?”

ஆனால் இந்த முறை கணவர் ஒழுங்காகச் செய்திருந்தார். முட்டி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சுரண்டினார். கழுவினார். காயும்வரை பொறுத்தார். மூலைக்கு மூலை பட்டை ஒட்டி, அதன்மேல் நிதானமாகப் பூசினார். இந்த மனிதரிடம் இவ்வளவு பொறுமை இருக்கும் என்று யார் கண்டது?

நிஜமாகவே ஒழுகாமல் போய்விட்டால்?

படுத்தபடியே சுற்றிப் பார்த்தாள். காலை நீட்டினால் அடுப்பு இடித்தது. கையை நீட்டினால் கக்கூஸ் கதவு. இதற்குள் இருபத்துநாலு மணி நேரமும் இவரோடு. இவர் குறட்டையோடு. ஆபீஸ் கதையோடு.

“விட்டாச்சு!” மேலிருந்து குரல் வந்தது. “நல்லாப் பாரு!”

அவர் நடந்ததில் வண்டி ஆடியது. தண்ணீர் விழும் சத்தம் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? மெத்தை மாதிரி அப்பி வைத்திருக்கிறாரே, இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது.

ஜன்னல் ஓரத்தைப் பார்த்தாள். சருகு மாதிரி காய்ந்திருந்தது.

“சொட்டுதா?”

தலைமாட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி ஜன்னல் மூலையில் தெளித்தாள். மீதியைத் தலையணையில் கவிழ்த்தாள். போன தடவையும் இதே பாட்டில்தான்.

“சொட்டுதாவா? கொட்டுது! வந்து பாருங்க உங்க லட்சணத்த!”

நனைந்த தலையணையைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“டின்னு டின்னா வாங்கிக் கொட்டினீங்களே! இதுக்கு ஒரு குடைய விரிச்சு வச்சிருந்தாப் போதுமே!”

சாட்சிக்கு இருக்கட்டும் என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வெயில் கண்ணைக் குத்தியது. வண்டியின் பக்கவாட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தரை சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தது. ஹோஸ், குழாயடியில் சுருட்டி வைத்தது வைத்தபடியே இருந்தது.

அந்த முற்றத்தில் நனைந்திருந்தது அவள் கையிலிருந்த தலையணை ஒன்றுதான்.

அவர் கூரை விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையணையைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். சிரிப்பார் என்றும் நினைத்தாள். சிரித்திருந்தால் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

“அப்போ ஒழுகுதுங்கற?” என்றார்.

அவள் தலையணையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முன்பக்கமெல்லாம் சில்லென்று நனைந்தது.

“ஒழுகுது.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முட்டியைப் பிடித்தபடி எழுந்து ரோலரை எடுத்தார். “சரி. இன்னொரு கோட் அடிச்சுப் பாக்கறேன். சாயந்தரம் வர்றவங்கள வர வேணாம்னு சொல்லிடு.”

“கேட்டா என்னன்னு சொல்றது?”

“என் வீட்டுக்காரருக்குப் பூசத் தெரியலைன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க.”