தோற்றவருக்குக் கிடங்கு

“உனக்கு எதுதாம்மா தெரியும்?”

சித்தப்பா கேட்டதும் ஆய்வகமே சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

துப்பாக்கிப் பிரிவில் அவர்தான் மூத்த நிபுணர். தோட்டாவில் விழுந்த கீறல்களை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, எந்தத் துப்பாக்கி சுட்டது என்று பட்டென்று சொல்லிவிடுவார். அதே வேலை பார்க்கும் அவளோ, பாதி நேரம் “உறுதியாச் சொல்ல முடியல” என்பாள். அதனால் அங்கே அவள் பெயரே ‘தெரியல’ என்று ஆகிவிட்டது.

இன்று இருவருக்கும் சோதனை. தப்பாகச் சொல்பவர் நுண்ணோக்கியை விட்டு எழுந்து, கிடங்கில் பொட்டலம் கட்டப் போய்விட வேண்டும். நிபந்தனை போட்டதே சித்தப்பாதான்.

“பேச்சு மாற மாட்டீங்களே?” என்றபடி, மேலிடத்திலிருந்து வந்திருந்த அதிகாரியம்மா இரண்டு பிசின் வார்ப்புகளை மேசையில் வைத்தார். “இது அசல் தோட்டா இல்ல, அச்செடுத்தது. ஆனா அசல்ல இருக்கிற ஒரு கீறல்கூட விட்டுப்போகாது. சுட்டது ஒரே துப்பாக்கியா, வேற வேறயா? சொல்லுங்க.”

அவள் முதலில் உட்கார்ந்தாள். ஒரு வார்ப்பை மெல்லத் திருப்பினாள். திருப்பிக்கொண்டே இருந்தாள்.

“ஒரே துப்பாக்கிதான். ஆனா...”

“வந்துடுச்சுய்யா, ஆனா!”

“இல்ல சித்தப்பா...”

“ஆபீஸ்ல சார்!”

“சார், ஒரே துப்பாக்கியில சுட்டாக்கூட ரெண்டு தோட்டா இவ்வளவு ஒத்துப்போகாது. அதான் பயமா இருக்கு.”

“பயமா இருந்தா எழுந்திரு.”

அவர் இரண்டையும் கழற்றித் தன் கையாலேயே மாட்டினார். ஒரே பார்வைதான். இரண்டிலும் ஒரே பக்கம்தான் தெரிகிறதா என்று திருப்பிப் பார்க்கக்கூட இல்லை.

“வேற வேற துப்பாக்கி! இங்க ஆழமாக் கீறல் இருக்கு, அங்க வழவழன்னு இருக்கு. சோதனைன்னாலே பொடி வைப்பாங்க. பார்க்க ஒண்ணு மாதிரி இருக்கிறதைக் குடுத்து ஏமாத்துவாங்க. நான் ஏமாறுற ஆளா?”

“உறுதியா?”

“சந்தேகமே வேணாம்!” ஆணியில் தொங்கிய கிடங்குச் சாவியை எடுத்து அவள் கையில் திணித்தார். “கிளம்பு தாயே.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிகாரியம்மா மட்டும் நிதானமாகத் தன் பையை மூடினார்.

“ரெண்டு துப்பாக்கின்னா ரெண்டு தோட்டாவாவது வேணுமே சார்? நான் ஒரே தோட்டாவைத்தான் ரெண்டு தடவை அச்செடுத்தேன்.”

சித்தப்பா அவள் கையிலிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிடங்குப் பக்கம் நடந்தார்.