பதினோரு நிமிடம்

"லைவ் சர்வர் பாஸ்வேர்டு எனக்கு வேணும் பாய்."

வேலைக்குச் சேர்ந்த அன்றே நாகஜோதியிடம் சொல்லியிருந்தார்கள், எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று. முப்பது ரத்தப் பரிசோதனை லேப்களின் ரிப்போர்ட் அந்த ஒரு சர்வரில் ஓடியது. பாஸ்வேர்டு சீனியர் முஜிபுர் ரஹ்மானிடம் மட்டும்.

இன்னொரு ஆள் தயாராகும்வரை அவருக்கு நீண்ட லீவு கிடையாது. முதலாளியின் சட்டம். மனைவியோடு ஹஜ்ஜுக்குப் போக ஆறு வருடமாகக் காத்திருக்கிறார்.

அதற்காகத்தான் மனுஷன் இம்புட்டுப் பொறுமையாகச் சொல்லித்தருகிறார். நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இவருக்கு முட்டுக்கொடுக்கத்தானா உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறிப் படித்தாள்?

சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். அவர் நாற்காலியை நகர்த்தி இடம்விட்டார்.

"உக்காரும்மா. சர்வரை நிறுத்து."

"பாய்!"

"மத்தியானம், கூட்டம் கம்மி. நிறுத்திட்டு நீயே எழுப்பு."

நிறுத்தினாள். எழுப்பினாள். எழவில்லை.

போன்கள் அலறின. கோரிப்பாளையம் லேபில் டாக்டர் கத்துகிறாராம்.

பாய் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு திரையையே பார்த்திருந்தார்.

"வாயைத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்!"

"நான் சொன்னா நான் எழுப்புனதாயிரும்."

ஒன்பதாவது நிமிடம் பிடிபட்டது. டேட்டாபேஸ் எழும் முன்பே மென்பொருளை ஓடவிட்டிருந்தாள். வரிசையை மாற்றினாள். பதினோராவது நிமிடம் ரிப்போர்ட்டுகள் நகர ஆரம்பித்தன.

முதலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "எவன் கை வச்சது?"

"நான்தான் மொதலாளி," என்றார் பாய்.

முதலாளி திட்டித் தீர்த்துவிட்டுப் போகும்வரை பாய் தலைகுனிந்து நின்றார். பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

"நேத்து ஒன்னை வேலைக்கு எடுக்கப்போற சென்னைக் கம்பெனியிலேருந்து ஆபீசுக்கு போன். லைவ் சர்வரை நீ தனியாப் பாத்திருக்கியான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

அந்தக் கம்பெனி இன்டர்வியூவில் அவள் அளந்துவிட்ட பொய் அது; அதை மெய்யாக்கத்தான் இன்று பாஸ்வேர்டு கேட்டு வந்திருந்தாள். முகம் சுட்டது.

"இப்ப நீ சொன்னதும் பொய்யில்ல, நான் சொன்னதும் பொய்யில்ல," என்றார். "எப்பச் சேரணும்?"

"திங்கக்கிழமை. அப்ப ஒங்க லீவு?"

"அதை விடும்மா. அங்க போயி எவன்கிட்டயும் முழிச்சுக்கிட்டு நிக்காத."

யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள்.

முதலாளி இன்னும் திறக்காத மெயிலில், காலை ஒன்பது மணிக்கே, அவள் ராஜினாமா போய்ச் சேர்ந்திருந்தது.