ஆறாத இன்ஜின்

காரின் பானெட்டில் கைவைத்த நிதீஷ் முகம் சுளித்தான்.

"இன்ஜின் சூடா இருக்கே! நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொன்னேன்லா அங்கிள்?"

"நான் தொடவே இல்ல தம்பி," என்றார் காரை விற்க வந்த நூருல் அமீன்.

"பழைய டர்போ கார். ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினாத்தான் நீலப் புகை வருதான்னு தெரியும். டர்போ கெட்டு ஆயில் குடிச்சா, விக்கிறவங்க முன்னாடியே சூடாக்கிப் புகையை மறைச்சிடுவாங்க. சாரி, எனக்கு வேணாம்."

போன வாரம் வந்தவரும் இதையேதான் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்த அமீனால் உட்கார முடியவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"வெயிலே படாத கார் பார்க். எப்படி நஸீஹா சூடாகும்? என்னைப் போய் ஏமாத்துறவன்னு நினைக்கிறாங்க!"

"விடுங்க. விக்கலன்னா நாமே வச்சுக்கலாம்," என்றாள் மனைவி, கடையிலிருந்து வாங்கி வந்த ரொட்டியைப் பிரித்தபடி.

"இதை வித்தாத்தான் பைக் வாங்க முடியும். துவாஸ்ல இருக்கிற வேலைக்குப் போக பைக் போதும்லா."

"எங்க அண்ணனும் பைக் போதும்னுதான் போனாரு. லாரிக்கு அடியிலதான எடுத்தாங்க?"

அமீன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. பேசி முடித்தவரின் முகம் மலர்ந்தது.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் காரைப் பாக்க ஒருத்தர் வர்றாரு!"

"பத்துக்கா?"

அவர் குளிக்கப் போனதும் நஸீஹா ரொட்டிப் பையின் அடியிலிருந்து காரின் ஸ்பேர் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டாள். பிறகு போனில் ஒன்பதரைக்கு அலாரம் வைத்தாள்.