டிராயின் இடம்

"வெண்டல் எங்கேடா? கூப்பிடு அந்தத் துரோகியை!"

அந்த அமெரிக்கக் கல்லூரியின் விடுதி அறைக்குள் புயல்போல நுழைந்தார் கிளைட். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, கட்டிலில் சுருண்டு கிடந்தான் மகன் டிராய்.

"வெளியே போயிருக்கான்ப்பா. மெதுவாப் பேசுங்க, தலை வலிக்குது."

"எப்படிடா மெதுவாப் பேசறது? ஃபுட்பால்ல நம்ம காலேஜ் அந்த அக்கரைக் காலேஜ்காரங்களைக் கடைசியா ஜெயிச்சது நான் ஆடின வருஷம். அதுக்கப்புறம் ஒவ்வொரு சீசனும் மண்ணைக் கவ்வினதுதான் மிச்சம். இந்த வருஷம் பந்தெறிய நீ இருக்கேன்னு ஊரே காத்துக்கிட்டிருக்கு. நாளைக்கு ஆட்டம். அந்த வெண்டல் போய் கோச்கிட்டயும் டாக்டர்கிட்டயும் 'டிராய்க்குத் தலையில அடி, மறைக்கிறான்'னு போட்டுக் கொடுத்திருக்கானே!"

டிராய் கண்ணைத் திறக்கவில்லை.

"ஏன் கொடுத்தான்? மூணு வருஷமா உனக்கு மாற்று ஆளா பெஞ்சைத் தேய்ச்சவன். நீ வெளியே வந்தா பந்து அவன் கைக்குத்தான் போகும். ஒரே ரூம்ல படுத்துக்கிட்டே முதுகுல குத்திட்டான்!"

"நான் யார்கிட்டயும் சொல்லலப்பா. தலைவலியெல்லாம் சீசன் முடிஞ்சு பாத்துக்கலாம்னு நீங்க சொன்னீங்கல்ல? அதான், வாயே திறக்கல."

"நீ என் பிள்ளைடா!"

டிராய் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"ஏன்ப்பா, டியூக்கைக் கார்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா? பாவம், எவ்வளவு நேரமாக் குலைக்கிறான்."

கிளைட் திரையை விலக்கிப் பார்த்தார்.

வெளியே ஒரு சத்தமும் இல்லை. டியூக் அவர்கள் வளர்த்த நாய். டிராய் பள்ளியில் படிக்கும்போதே செத்துப்போனது. குழி வெட்டியதே அவன்தான்.

"டிராய்... டியூக் இப்ப இல்லடா."

"அதோ குலைக்கிறானே! உங்களுக்குக் கேக்கலையா?"

சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. தகப்பனை ஏற இறங்கப் பார்த்தான்.

"அப்பா! நீங்க எப்ப வந்தீங்க?"

கிளைட் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கதவைத் திறந்துகொண்டு வந்தான் வெண்டல். கையில் கார் சாவி.

"ஒரு வாரமா இப்படித்தான் சார். தூக்கத்துல மூச்சு நின்னுடுமோன்னு பயந்து நானும் தூங்கல. இன்னொரு அடி பட்டா ஆளே மிஞ்ச மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு. கார் கொண்டாந்திருக்கேன், ஸ்கேன் எடுக்கப் போகணும்."

கிளைட் மகனைத் தாங்கி எழுப்பி உட்கார வைத்தார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"நீ பண்ணினது நல்லதுதான் தம்பி, நான் இல்லேங்கல. ஆனா அதோட அவன் இடமும் உனக்கே கிடைச்சுதுல்ல? நாளைக்கு நீதானே ராஜா!"

வெண்டல் குனிந்து டிராயின் காலில் செருப்பை மாட்டிவிட்டான்.

கிளைடின் போன் அடித்தது. கோச்.

"கிளைட், நீங்க பழைய ஆட்டக்காரர். நீங்களாவது வெண்டல்கிட்ட எடுத்துச் சொல்லுங்க. நாளைக்குக் களத்துல இறக்க எனக்கு ஆளே இல்ல."

"ஏன், அதான் அவன் இருக்கானே?"

"எங்கே இருக்கான்? டிராய் விஷயத்தைச் சொல்றதுக்கு முன்னாடியே தன் ஜெர்சியை என் மேஜையில வெச்சுட்டு டீமை விட்டு விலகிட்டான். 'முதல்ல இதை வாங்கிக்கங்க கோச், இது என்கிட்ட இருந்தா நான் சொல்றதை ஒருத்தரும் நம்ப மாட்டாங்க'ன்னான்!"