பாலத்துக்கு அந்தப் பக்கம்

"நாளைக்கு உனக்கு வேலை இருக்குமா போகுமான்னு முடிவு பண்றாங்க. நீ என்னடான்னா இங்க வந்து படுத்துட்டு எனக்கு வீடியோ கேம் வெச்சுக் குடுக்கறே."

அக்கா பல் மருத்துவர். தம்பி நோயாளிகளின் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக் கிடந்தான். கருவித் தட்டை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் அவனுடைய மடிக்கணினியை வைத்திருந்தார்கள்.

"நாளைக்கு வர்றதை நாளைக்குப் பார்த்துக்கலாம். நீ விளையாடு."

"வேலை போனா என்னடா பண்ணுவே?"

"இங்கேயே இருந்து எல்லாருக்கும் வாய் கொப்பளிக்கத் தண்ணி பிடிச்சுக் குடுக்கறேன்."

சிரித்தான். ஆனால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரமாக மதிய இடைவேளையில் இதுதான். அவள் வாழ்நாளில் தொட்ட முதல் வீடியோ கேம். கட்டம் கட்டமாக ஒரு நாடு. ராஜா, வில்லாள், சூனியக்காரி, மேளக்காரன் என்று ஒரு சின்னப் படை. துரத்தி வரும் டிராகன். முதலில் அவள் ஆட்களை நகர்த்துவாள், பிறகு டிராகன் நகரும், மறுபடி அவள் முறை. அவள் எவ்வளவு நேரம் யோசித்தாலும் டிராகன் வாயைத் திறந்தபடி காத்திருக்கும்.

"என் பேஷண்ட் ஒருத்தர்கூட இவ்வளவு பொறுமையா வாயைத் திறந்து வெச்சதில்ல. மேல கடைவாய்ப் பல் ரெண்டும் சொத்தை, பாரு."

இன்று கடைசிச் சண்டை. இடிந்துகொண்டிருக்கும் பாலத்தைக் கடந்தால் வெற்றி. ராஜா கடந்துவிட்டான். வில்லாளும் சூனியக்காரியும் கடந்துவிட்டார்கள். திரையில் எழுத்துகள் தோன்றின.

'படை பிழைத்தது. வெற்றியை ஏற்கிறீர்களா?'

தம்பியின் கைபேசி அதிர்ந்தது. பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான்.

"யாருடா அது? வந்ததுலேர்ந்து விடாம அடிக்குது. பொண்ணா?"

"வழுக்கைத் தலை. மீசை வேற இருக்கு."

"உனக்கு அமையறது அப்படித்தான் அமையும்."

'ஆம்' என்பதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். விரல் நின்றது.

"மேளக்காரன் எங்கடா?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"அவன் ஏன் வரல?"

"அவன் ஒரு முறைக்கு ஒரு கட்டம்தான் நடப்பான்."

"வேடிக்கை பார்த்துட்டே நடப்பான் போல. சின்னதுல நீ இருந்த மாதிரி. சரி, அவனை விட்டுட்டா மார்க் குறையுமா?"

"குறையாது. நீ ஜெயிச்சாச்சு."

"கூப்பிடப் போனா?"

அவன் கூரையைப் பார்த்தான். "ராஜாகிட்டதான் குதிரை இருக்கு. அவன் செத்தா ஆட்டம் மொத்தமும் போச்சு. மறுபடி முதல்லேர்ந்து."

"நீயா இருந்தா என்ன பண்ணுவே?"

"அதை நான் சொல்ல மாட்டேன்."

"ஏன், சொன்னா பல்லு உதிர்ந்துடுமா? உதிர்ந்தா நான் கட்டி விடறேன், சொல்லு."

வரவேற்பில் இருக்கும் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர், மூணு மணி பேஷண்ட் வந்துட்டார்."

"உட்காரச் சொல்லும்மா. இங்க ஒருத்தன் மாட்டிக்கிட்டு நிக்கறான்."

'இல்லை' என்று அழுத்தினாள்.

தம்பி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். மேலே தொங்கிய விளக்கில் தலை இடித்தது. தேய்த்துக்கொள்ளக்கூட இல்லை.

"இந்த டிராகன் ஒரு தடவை நெருப்பு கக்கினா, அடுத்த முறை வாயை மூடிட்டு சும்மா கிடக்குது," என்றாள் அக்கா. "ஒரு வாரமா அதோட வாயைத்தானே பார்த்துட்டிருக்கேன்."

வில்லாளைத் திரும்பப் பாலத்தில் ஏற்றினாள். டிராகன் அவன் பக்கம் திரும்பிக் கக்கியது. வில்லாள் முழங்காலிட்டு விழுந்தான். உயிர் ஒரு கோடு மிச்சம்.

அவள் முறை. ராஜா பாய்ந்து போய் மேளக்காரனைக் குதிரையில் தூக்கிப் போட்டான்.

டிராகனின் முறை. வாய் மூடியே இருந்தது.

அவள் முறை. குதிரை கடந்தது. வில்லாள் தவழ்ந்து கடந்தான். பின்னால் பாலம் சரிந்தது.

'ஒருவரும் விடுபடவில்லை.'

மேளம் முழங்கியது. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. வரவேற்புப் பெண் மறுபடி எட்டிப் பார்த்தாள்.

"விட்டேனா? ஒருத்தனையாவது விட்டேனா?" அக்கா எழுந்து வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "முதல் ஆட்டம்டா இது. முதல் ஆட்டத்துலயே!"

"இல்லக்கா. யாரையும் விடல." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"தலை ரொம்ப இடிச்சுடுச்சா?"

"ஆமா," என்றான்.

"எழுந்து வழி விடு. வாங்க சார், உட்காருங்க. இப்பத்தான் டிராகன் வாயிலேர்ந்து ஒரு ஆளை வெளியே எடுத்துட்டு வர்றேன். உங்க பல்லு எம்மாத்திரம்!"

தம்பி நடைக்கு வந்து கைபேசியை எடுத்தான். வழுக்கைத் தலைதான்.

"உன் லேப்டாப்ல ஆடினதை இங்க ஆபீஸ்ல எல்லாரும் திரையில பார்த்துட்டுதான் இருந்தோம்," என்றார் மேலதிகாரி. "இத்தனை பேரை விளையாட வெச்சோம், ஒருத்தர்கூடத் திரும்பிப் போகல. நீ உருவாக்கின கேம்ல அந்த முடிவு வீண், வெட்டிடலாம்னு நான் சொன்னேன். புதுசா ஆடற ஒரு ஆள், யாரும் சொல்லித் தராமலே திரும்பிப் போவாங்க, இல்லைன்னா நான் வேலையை விட்டுடறேன்னு சொன்னியே. எந்த தைரியத்துலப்பா சொன்னே?"

"ஏழு வயசுல என்னை வழியில விட்டுட்டு டூர் பஸ் கிளம்பிடுச்சு சார். டிரைவர் சட்டையைப் பிடிச்சு இழுத்து, அந்த பஸ்ஸைத் திருப்பிக் கொண்டு வந்தது எங்க அக்காதான்," என்றான் மேளக்காரன்.