ஒரு தலை குறைய வேண்டும்

பொதுமக்களுக்கு ஒரு மாபெரும் நற்செய்தி. நம் மாநிலத்தில் சிறையிலிருக்கும் பெண்களின் எண்ணிக்கை தொடர்ந்து ஒன்பதாவது ஆண்டாகக் குறைந்துவிட்டது.

அதாவது, நாளைக் காலை பத்து மணிக்கு அமைச்சர் அறிவிக்கும்போது குறைந்திருக்கும். இப்போது மாலை நாலே முக்கால். இன்னும் குறையவில்லை.

மகளிர் சிறைக் கண்காணிப்பாளர் தன் அறையில் குட்டி போட்ட பூனையாக உலாத்திக்கொண்டிருந்தார். மாநிலத்துக்கு இருப்பது இந்த ஒரே மகளிர் சிறை. ஆண்டுக்கு ஒருமுறை, குறித்த நாளில், மாலை ஆறு மணிக்கு எடுக்கும் தலையெண்ணிக்கைதான் அந்த ஆண்டின் கணக்கு. மற்ற நாட்களில் உள்ளே எத்தனை பேர் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் வலியப் போய்ச் சொன்னதில்லை.

“போன வருஷம் எவ்வளவு டீச்சர்?”

“நானூத்திப் பன்னெண்டு சார்.”

“இப்போ?”

மூலை மேஜையில் அலுவலகக் கணக்கெழுதும் டீச்சர் பதிவேட்டைப் பார்க்காமலே சொன்னார். “நானூத்திப் பன்னெண்டு சார்.”

சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் கண்காணிப்பாளர் வெறித்தார். எட்டு ஆண்டுகளாகச் சறுக்குமரம் போல இறங்கிவந்த சிவப்புக் கோடு, இந்த ஆண்டு படுத்துக்கொள்ளப் பார்த்தது. கோட்டை இறக்கியது தன்னுடைய நல்லொழுக்கச் சொற்பொழிவுகள்தான் என்று எழுதி அனுப்பியிருந்தார். நாளைக்கு அதற்குத்தான் விருது. ‘சொற்பொழிவைக் கேட்கறது உள்ள இருக்கறவங்க. வெளிய இருக்கறவங்க எப்படி சார் திருந்தினாங்க?’ என்று டீச்சர் ஒருமுறை கேட்டு, முறைப்பை வாங்கிக்கட்டிக்கொண்டார்.

ஆனால் டீச்சர் இல்லாவிட்டால் அந்த அலுவலகத்தில் ஒரு காகிதம் நகராது. கண்காணிப்பாளர் வருமுன்பே வந்து உட்கார்ந்திருப்பார். அவர் கிளம்பிய பிறகுதான் எழுந்திருப்பார். “ஆறு வருஷத்துல ஒரு நாள் லீவு எடுத்திருப்பாங்களா? பாத்துக் கத்துக்குங்கய்யா!” என்று சிப்பந்திகளை அவர் திட்டாத வாரமில்லை.

“ஒரே ஒரு தலை குறையணும் டீச்சர். கோடு மயிரிழை இறங்கினாலும் இறக்கம் இறக்கம்தானே?”

“சட்டப்படி வெளிய அனுப்ப ஆள் இருக்கணுமே சார்.”

“அதைத்தான் தேடச் சொல்றேன். என் மேஜையில கெடக்கறதையெல்லாம் பிரிச்சுப் பாருங்க.”

இதுவரை யாரும் தொட அனுமதியில்லாத மேஜை அது. பிரிக்காத உறைகளுக்கு மேல் வாழ்த்து மடல்கள், அவற்றுக்கு மேல் அவருடைய சொற்பொழிவுத் தொகுப்பு. டீச்சர் உறைகளைக் கிழிக்க ஆரம்பித்தார்.

தொலைபேசி அடித்தது. “ஆமாங்கய்யா... குறைஞ்சிடுச்சுங்கய்யா... கணிசமா!” கண்ணுக்குத் தெரியாத அமைச்சருக்கு முன்னால் கண்காணிப்பாளர் இரண்டாக வளைந்தார். நிமிர்ந்தபோது, டீச்சர் ஒரே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார்.

“என்ன டீச்சர், கதைப் புஸ்தகமா படிக்கறீங்க? மணி அஞ்சரை!”

“ஒருத்தங்க இருக்காங்க சார். நன்னடத்தைக்காக மீதித் தண்டனையைத் தள்ளுபடி பண்ணி ஆர்டர். வந்து நாலு மாசமாச்சு. உறையே பிரிக்கல.”

கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்தது. கூடவே நீதியுணர்ச்சியும் பொங்கிக்கொண்டு வந்தது. “நாலு மாசமா? பாவம், விடுதலையான பொம்பளையை உள்ளயே வச்சிருக்கோமா? எந்த மடையன் டீச்சர் இதை அமுக்கி வச்சது?”

டீச்சர் மேஜையைப் பார்த்தார். கண்காணிப்பாளரும் பார்த்தார். அதன்பிறகு இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. எங்க கையெழுத்து?”

டீச்சர் விரலால் தொட்டுக் காட்டினார். கையெழுத்துப் போடும் இடத்தைத் தவிர வேறெதையும் படித்துப் பழக்கமில்லாத கண்காணிப்பாளர், பேனாவை ஓட்டி முத்திரையையும் குத்தினார்.

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்து வரைபடத்தின் கடைசிக் கோட்டை இழுத்தார். அது கொஞ்சம் தாராளமாகவே இறங்கியது.

“நானூத்திப் பதினொண்ணு!” கண்காணிப்பாளர் கைதட்டினார். “ஓடுங்க டீச்சர். அந்தம்மாவை நீங்களே கேட்டுக்கு வெளிய கொண்டுபோய் விட்டுட்டு உடனே வந்துடுங்க. விழாவுக்கு இன்னும் பத்து வரைபடம் போடணும்.”

டீச்சர் அந்த உத்தரவை நாலாக மடித்துக் கையில் இறுக்கிக்கொண்டார்.

“வரமாட்டேன் சார். அந்தம்மா நான்தான்.”